ஒரு மனிதர், இரு நோய்கள்



"ஹஜ்ரத், என் மகனைக் குடிகாரன் என்பதா, புத்தி பேதலித்தவன் என்பதா?"

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவர்களுள் அவர் மகனின் கூட்டாளிகளும் இருந்தனர். வேறோர் ஆலையில் வேலை பார்த்த அந்த இளைஞருக்கு அன்றுமுதல் உறக்கம் போயிற்று. இறந்தவர்கள் தம்மை அழைப்பதாகச் சொன்னார். உறங்குவதற்காகக் குடித்தார், பிறகு குடிக்காமல் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை வாங்கும் கூலி ஞாயிறு வரை தங்குவதில்லை.

குடியை மறக்கச் செய்யும் இல்லம் ஒன்றில், "இவருக்கு மனநோய் உள்ளது, சேர்க்க இயலாது" என்றனர். மனநல மருத்துவர் ஒருவரோ, "குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்றார். இரு வாசல்களும் அடைபட்டபின் அத்தாய் கேட்டார்: "ஏர்வாடிக்குக் கொண்டுபோய்ச் சங்கிலியில் கட்டிவைக்கலாமா?"

வேண்டாம் தாயே, என்றேன். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றிக் கருகினர். மாண்டோர் 28 பேர். உச்சநீதிமன்றம் தானே முன்வந்து இதனை விசாரித்தது. பின்னாளில் அந்தத் தர்காவிலேயே துஆவுடன் மருத்துவரின் மருந்தும் கிடைக்க ஏற்பாடாயிற்று. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியிடுவதை அடியோடு தடுக்கிறது. அதே சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் விளையும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. ஆகவே, "குடிகாரர் எங்கள் பொறுப்பல்லர்" என்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை.

இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. அச்சத்தையும் துயரத்தையும் மறக்க மனிதர் குடிக்கிறார். குடியோ உறக்கத்தைக் குலைத்துத் துயரத்தைப் பெருக்குகிறது. மனநோய்க்குரிய மாத்திரைகளும் விடுபட்டுப் போகின்றன. ஒன்றைத் தீர்த்துவிட்டு மற்றதைப் பார்ப்போம் எனக் காத்திருந்தால் இரண்டுமே தீர்வதில்லை. இரண்டிற்கும் ஒரே காலத்தில், ஒரே மருத்துவக் குழு சிகிச்சை அளிப்பதே ஏற்றது.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உள. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் துணையுடனேயே நிறுத்த வேண்டும். குடியை நிறுத்தும் மருந்தென்று விற்பதை அவரறியாமல் சோற்றில் கலக்காதீர்கள். அதன்மேல் மது சேர்ந்தால் உயிருக்கு உலை வைக்கும். சாவைப் பற்றிப் பேசுவாரானால், அதை வெற்று மிரட்டலென்று எண்ணித் தனியே விடாதீர்கள். கை நடுங்குபவரை மருந்து செலுத்தும் வேலைக்கு அனுப்பாதீர்கள். சிறு உராய்வும் பலர் உயிரைக் குடிக்கும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2022 முதல் விருதுநகரிலேயே உள்ளது. வீட்டிலிருந்தே ஆலோசனை கேட்க, 14416 என்னும் அரசின் மனநலத் தொலைபேசி எண் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது. மருத்துவரிடம் இரு நோய்களையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மது ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டிக்கப்பட்ட தோழர் ஒருவரை மற்றொருவர் சபித்தபோது நம் பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? சபிக்க வேண்டாமெனத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சியும் பகர்ந்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவான இச்செய்தியை நாம் மிம்பரில் கேட்கிறோம், தெருவில் மறந்துவிடுகிறோம்.

மஹல்லாவில் இப்படியொருவர் இருந்தால், அவர் வீட்டாருக்குப் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். அவர் ஸலாமுக்குப் பதில் கூறவும் கூசுகிறோம். அதற்கு மாறாக, மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஒருவர் துணை செல்லலாகாதா? பைத்துல்மாலிலிருந்து பேருந்துச் செலவு தரலாகாதா? சிகிச்சைக்கு நடுவே அவர் மீண்டும் குடித்துவிட்டால், "அவ்வளவுதான்" என்று கைகழுவாமல் மீண்டும் அழைத்துச் செல்லுங்கள். சறுக்கியவர் எழ முடியாதவர் அல்லர்.

அத்தாயின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அவர் குடிகாரருமல்லர், பைத்தியமுமல்லர். இரு நோய்களைச் சுமக்கும் உங்கள் மகன். வாருங்கள், நாளை நானும் உடன் வருகிறேன்."

நோயுற்ற நம் பிள்ளைகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை நல்குவானாக. ஆமீன்.