கடவுச்சீட்டு கருணைச் சீட்டன்று

கடவுச்சீட்டு ஒரு சிறு புத்தகம். ஊரில் இருக்கும்வரை அதைப் பற்றி எவரும் அதிகம் நினைப்பதில்லை. கடல் கடந்து பிழைக்கப் போனவருக்கோ, தாம் இந்நாட்டவர் என்று எடுத்துச் சொல்ல அதைவிட வேறு சாட்சி இல்லை. அச்சாட்சியின் காலம் பத்து ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அதைப் புதுப்பித்துக் கொடுப்பது அரசாங்கம் தன் பிரசைக்குச் செய்யும் கருணையா, அல்லது கடமையா? இக் கேள்விக்குத் திட்டமான பதில் வேண்டும்.

வலிகாமத்தில் வெங்காயமும் புகையிலையும் பயிரிடும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய மூத்த மகன் வளைகுடா நாடொன்றில் தொழில் புரிகிறான். மகனுடைய வதிவிட அனுமதி கடவுச்சீட்டில் தங்கியிருக்கிறது; தொழில் அந்த அனுமதியில் தங்கியிருக்கிறது; தங்கையின் சீதனமும் தந்தை பட்ட வங்கிக் கடனும் அந்தத் தொழிலில் தங்கியிருக்கின்றன. ஆறு மாதக் காலமாவது எஞ்சியிராத கடவுச்சீட்டைப் பல நாடுகள் ஏற்பதில்லை. ஆகவே பத்து ஆண்டுப் புத்தகம் என்பது நடைமுறையில் ஒன்பதரை ஆண்டுப் புத்தகமே.

அந்த மகன் ஒரு நாட் சம்பளத்தை இழந்து தூதரகத்துக்குப் போகிறான். விண்ணப்பம் அங்கிருந்து கொழும்புக்கு வருகிறது. பத்தரமுல்லையில் பரிசீலிக்கப்பட்டுப் புத்தகம் அச்சாகிறது. பிறகு வந்த வழியே திரும்பிப் போகிறது. இதற்குள் வாரங்கள் கழிகின்றன. சில வேளை மாதங்களும் கழிகின்றன. 2024ஆம் ஆண்டில் வெற்றுப் புத்தகங்கள் போதாமற் போனபோது பத்தரமுல்லையில் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை நாடே கண்டது. வரிசையில் நின்றவர்களையாவது நாம் கண்ணாற் கண்டோம். வெளிநாட்டில் காத்திருந்தவர்களை யார் கண்டார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? முதலில் ஓர் அச்சத்தைப் போக்குவோம். கடவுச்சீட்டின் காலம் முடிந்தால் பிரசாவுரிமை முடிந்துவிடாது. பிரசாவுரிமையைத் தருவது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். பயணத்தை ஒழுங்குபடுத்துவது அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். இரண்டும் வெவ்வேறு. கடவுச்சீட்டு உரிமைக்குச் சாட்சியேயன்றி உரிமையின் ஊற்று அன்று. ஆனால் சாட்சியில்லாத உரிமையை அந்நிய நாட்டு விமான நிலையத்தில் யாரும் மதிப்பதில்லை.

நாட்டின் அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையில், இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் அளிக்கிறது. 1980ஆம் ஆண்டில் இலங்கை சேர்ந்துகொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. எந்த நாட்டிலிருந்தும் வெளியேறும் உரிமையை அதன் 12ஆம் உறுப்புரை கூறுகிறது. மெக்சிக்கோவில் வாழ்ந்த விடால் மார்ட்டின்ஸ் என்ற உருகுவே நாட்டுப் பெண்மணிக்கு அவருடைய அரசாங்கம் கடவுச்சீட்டு மறுத்தபோது, அந்த மறுப்பு உடன்படிக்கையை மீறியது என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 1982இல் முடிவு செய்தது. வெளிநாட்டில் வாழும் பிரசையின் கடவுச்சீட்டை நீடிக்க மறுப்பது, அவர் வாழும் நாட்டிலிருந்து வெளியேறும் உரிமையையே பறிக்கக்கூடும் என்று அக்குழு 1999இல் மீண்டும் தெளிவுபடுத்தியது.

இத்தகைய உடன்படிக்கைகள் பாராளுமன்றம் சட்டமியற்றாமல் நமது நீதிமன்றங்களில் தாமாகவே சட்டமாகா என்று 2006இல் சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது உண்மையே. எனினும் திரும்பி வரும் சுதந்திரம் நமது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அது மீறப்பட்டால், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். மனுதாரர் நேரில் வரவேண்டுமென்பதில்லை. அவர் சார்பில் சட்டத்தரணி மனுச் செய்யலாம். கடல் கடந்து வாழ்வோர் இதை நினைவில் வைத்திருத்தல் நன்று.

காலங்கடந்த கடவுச்சீட்டு மனிதரை என்ன செய்யும் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மலையகத்தைப் பார்த்தால் போதும். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவர்களிற் பலர், 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றபின் போக வழியின்றித் தோட்டத்து லயன்களிலேயே தங்கினர். பிறந்து வளர்ந்த மண்ணில் இருந்துகொண்டே அவர்கள் சட்டத்தின் கண்ணில் அந்நியராயினர். கையிலிருந்த புத்தகம் காலாவதியாயிற்று, பிள்ளைகள் பிறந்தனர், பேரர்களும் பிறந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, ஒரு பிரகடனத்தின் மூலம் இந்நாட்டுப் பிரசைகளாகும் வழி அவர்களுக்குத் திறந்தது. ஒரு தலைமுறை காலத்தை விழுங்கியது ஒரு தாள்!

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது சலுகையன்று. வெளிநாட்டில் கொடுக்கப்படும் விண்ணப்பத்துக்கு ஒரு தவணை குறிக்கப்பட வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்திற் கொடுக்க வேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. தூதரகத்தின் வாயிலில் அது ஏட்டுச் சுரைக்காயாக இருத்தலாகாது. தமிழில் எழுதிய பிறப்புச் சான்றிதழை வாசிக்கத் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவராவது, தமிழர் திரளாக வாழும் நாடுகளின் தூதரகங்களில் இருக்க வேண்டும். சில தூதரகங்கள் நடத்தும் நடமாடும் சேவை எங்கும் ஒழுங்கான வழக்கமாக வேண்டும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டுக்கான பிராந்தியக் காரியாலயம் திறக்கப்பட்டதை நாம் வரவேற்கிறோம். காரியாலயம் மக்களைத் தேடி யாழ்ப்பாணத்துக்கு வர முடியுமானால், கடலுக்கு அப்பாலும் போக முடியும்.

அரசாங்கத்தின் கடமை இவ்வாறிருக்க, நம்மவர் கடமையும் உண்டு. வெளிநாட்டில் வாழும் தமிழர் எல்லோருடைய நிலையும் ஒன்றல்ல என்பதை முதலில் உணர வேண்டும்.

வேறொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெற்றவர் இலங்கைப் பிரசையாக இருப்பது நின்றுவிடுகிறது. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரட்டைப் பிரசாவுரிமை பெற்றாலன்றி, பழைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அவருக்கு உரித்தில்லை. அதை மறைத்து விண்ணப்பிப்பது ஆபத்தான வழி.

அகதி நிலை பெற்றவர்கள் இன்னும் அவதானமாக இருக்க வேண்டும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின்படி, தம் சொந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் தாமாக நாடியவர் அகதி நிலையை இழக்கக்கூடும். தேசியக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பது அவ்வாறு நாடியதற்கு அடையாளமாகக் கொள்ளப்படலாம். அவர்களுக்கென அந்த உடன்படிக்கையின் 28ஆம் உறுப்புரை தனிப் பயணப் பத்திரத்தை ஏற்படுத்தியிருக்கிறது. சட்டத்தரணியின் ஆலோசனையின்றித் தூதரக வாசலை மிதிக்கலாகாது.

வெளிநாட்டிற் பிறக்கும் பிள்ளையை ஓராண்டுக்குள் தூதரகத்திற் பதிவு செய்யவேண்டும் என்பது வமிசாவழிப் பிரசாவுரிமைக்கான விதி. தவறினால், தக்க காரணம் காட்டி அமைச்சரிடம் மேலதிக காலம் கேட்க வேண்டிவரும். பெற்றோரின் சோம்பல் பிள்ளையின் உரிமையைக் கெடுக்கலாமா?

ஊரில் இருக்கும் கமக்காரருக்கும் இதில் அக்கறை உண்டு. நான்கு பிள்ளைகளுக்குப் பொதுவான தோட்டக் காணியில் இருவர் வெளிநாட்டில் இருந்தால், அவர்களுடைய கையொப்பமின்றி முழுக் காணிக்கும் உறுதி முடிக்க முடியாது. அவர்கள் தூதரகத்தின் முன் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கப் போகும்போது, முதலில் கேட்கப்படுவது கடவுச்சீட்டுத்தான். அங்கே ஒரு புத்தகம் காலாவதியானால், இங்கே ஒரு காணியின் பங்கீடு தடைப்படுகிறது.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய கடவுச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகளை ஊரிலும் ஒரு கட்டு வைத்திருங்கள். பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். கடைசி மாதத்தில் ஓடாமல், ஓராண்டு முன்னரே விண்ணப்பியுங்கள். கிராமச் சங்கங்களும் படித்த இளைஞர்களும் இதற்கு உதவ முன்வர வேண்டும்.

வெளிநாட்டில் உழைக்கும் பிரசை அனுப்பும் பணத்தை வரவேற்க அரசாங்கம் ஒரு நாளும் பிந்துவதில்லை. அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதில் மட்டும் பிந்துவது நீதியன்று. உரிமை என்று அறிந்து கேட்போம், தவணைக்கு முன் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.