குச்சி பொறுக்கும் கமரா

"ஐ.சி.டி. எடுத்து என்ன செய்யப் போறான் சேர்?" தரம் 10க்குப் பாடம் தெரிவு செய்யும் நேரத்தில் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

மலையகத்தில் பல தேயிலை பெக்டரிகளில் இப்போது கலர் சோர்ட்டர் இருக்கிறது. முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தூளிலிருந்து குச்சி பொறுக்கினார்கள். அந்த வேலையை இன்று கமரா செய்கிறது. தூள் ஒரு சரிவில் மெல்லிசாக வழிந்து விழும்போதே படம் பிடிக்கிறது. கணினிக்குப் படம் என்றால் எண்கள்தான். படத்தைப் பொடிப்பொடிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் வெளிச்சத்துக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 0 கறுப்பு, 255 வெள்ளை. அந்தக் கட்டம்தான் பிக்சல். கறுத்த தூளுக்குச் சின்ன எண், வெளுத்த குச்சிக்குப் பெரிய எண். ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் வால்வு திறந்து காற்று ஊதும். குச்சி வேறு பக்கம் போய் விழும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

எல்லையைக் கூட்டினால் குச்சி தப்பிவிடும். குறைத்தால் நல்ல தூளும் கழிவோடு போகும். அதைச் சரியாக வைக்கத் தெரிந்த ஆள் கொழும்பிலிருந்துதான் வர வேண்டுமா? பிறந்ததிலிருந்து தூளின் நிறம் பார்த்து வளர்ந்த பிள்ளை இங்கே இல்லையா?

மெஷின் வந்து அம்மாவின் வேலை போனது, அதையே மகள் படிக்கணுமா என்று கோபப்படுபவர்களும் உண்டு. கோபம் நியாயம்தான். ஆனால் படிக்காமல் விட்டால் போன வேலை திரும்பி வராது, வந்த வேலையும் வெளியாருக்குப் போகும்.

தேயிலையை விடுங்கள், மண்சரிவைப் பாருங்கள். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தயை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிப் படங்களை எவரும் இலவசமாக எடுக்கலாம். மழைக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் எண்ணுக்கு எண் கழித்தால், பச்சை போய் மண் தெரியும் இடம் தனியாக வந்து நிற்கும். ஆனால் அதன் மிகத் தெளிவான படத்திலும் ஒரு பிக்சல் 10 மீற்றருக்கு 10 மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்பது சேர்ந்தால்தான் ஒரு பிக்சல் நிறையும்! லயத்துக்குப் பின்னால் வெடித்த நிலம் அதில் தெரியாது. மேகம் மூடினால் மலையே தெரியாது. ட்ரோன் படம் வேண்டும், அதை வாசிக்கத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே வேண்டும்.

ஆசிரியர்கள் பக்கமும் குறை உண்டு. பிக்சலுக்கு வரைவிலக்கணம் பாடமாக்க வைக்கிறோம், இரண்டு கட்டை தூரத்தில் ஓடும் மெஷினைக் காட்டுவதில்லை. அடுத்த தவணையில் தரம் 10 பிள்ளைகளை ஒரு பெக்டரிக்குக் கூட்டிப்போக நினைக்கிறேன். உள்ளே வேலை செய்பவர்கள் யாராவது மெனேஜரிடம் பேசித் தர முடிந்தால் கீழே கமெண்டில் சொல்லுங்கள்.