பில்லில் வராத பாட்டு

டிசம்பர் கடைசி வாரத்தில் கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டில் யாரும் நடப்பதில்லை. கூட்டம் தள்ளும் திசையில் போகிறார்கள். பெயர்ப்பலகை மதர் தெரசா சரணி என்கிறது. டாக்சிக்காரருக்கு அது இன்னமும் பார்க் ஸ்ட்ரீட்தான். 2011இலிருந்து அங்குள்ள ஆலன் பார்க்கில் அரசே கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறது. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் தெருவிளக்கு அலங்காரம் பார்த்துத் திரும்ப, இளைஞர் கூட்டம் பப்புகளுக்குள் நுழைகிறது.

பார்க் ஓட்டலில் 1994இல் தொடங்கிய 'சம்ப்ளேஸ் எல்ஸ்' அவற்றுள் பெயர் பெற்றது. நேரடி இசைதான் அதன் அடையாளம். இப்படிப்பட்ட பப்பில் கூட்டம் நெரியும் இரவில் கிடாரைவிடப் பேச்சுச் சத்தம் உரக்கக் கேட்கும். மேடைக்கு ஒரு சீட்டு வரும்: 'ஹோட்டல் கலிபோர்னியா' வேண்டும். 1976இல் வெளிவந்த பாட்டு. வாத்தியக்காரர் அதை எத்தனையாவது முறை வாசிக்கிறார் என்பது அவருக்கே நினைவிருக்காது. ஆனாலும் சிரித்த முகத்தோடு வாசிப்பார்.

இந்தத் தெருவுக்கு இசை புதிதல்ல. 1960களில் மொகாம்போ, டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக மேடைகள் இருந்தன. பாம் கிரெய்ன் ஜாஸ் பாடினார். புளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்த லூயிஸ் பேங்க்ஸ் பின்னர் பம்பாய்த் திரையிசைக்குப் போனார். 1969இல் டிரிங்காஸ் மேடையேறியவர், பம்பாயில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண். அதே ஆண்டு சென்னை மவுண்ட் ரோட்டின் 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் பாடத் தொடங்கியிருந்தார். பட்டுச்சேலையும் பொட்டுமாக அவர் ஆங்கிலப் பாட்டுப் பாடியதைக் கல்கத்தா வியந்து பார்த்தது. அவர்தான் உஷா உதுப். 2024இல் அவருக்குப் பத்ம பூஷண் கிடைத்தது.

இந்த மேடைகளின் வருமானத்தில் கைவைத்தது கேளிக்கை வரி. பாடகர் இருக்கும் உணவகத்தில் சாப்பிட்டால் பில் கூடும். இல்லாத இடத்தில் அதே சாப்பாடு குறைந்த விலைக்குக் கிடைக்கும். முதலாளிகள் போட்ட கணக்கு எளிமையானது: சமையல்காரரை அனுப்ப முடியாது, பாடகரை அனுப்பலாம். 1970களில் மேடைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்தார்கள். புளூ ஃபாக்ஸ் இன்று இல்லை. டிரிங்காஸ் மட்டும் பிடிவாதமாக இன்றும் பாடுகிறது.

2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாநிலக் கேளிக்கை வரி அதற்குள் அடங்கிவிட்டது. ஆனால் முதலாளியின் கணக்கு மாறவில்லை. நான்கு வாத்தியக்காரர்களின் இடத்தை ஒரு டிஜேயும் அவருடைய மடிக்கணினியும் நிரப்பிவிடும். பிறர் பாட்டைப் பப்பில் வாசித்தால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமத்தொகை போக வேண்டும் என்கிறது சட்டம். நியாயம்தான். மேடையில் வியர்க்க நிற்பவருக்கோ அன்றைய கூலியோடு சரி.

அவரிடம் சொந்தப் பாட்டும் இருக்கும். கொல்கத்தாவின் ஸ்கின்னி ஆலி போன்ற குழுக்கள் தாங்களே எழுதிப் பாடியவை. பப்பில் அதற்கு முன்வருவது துணிச்சல். தெரியாத பாட்டு என்றதும் மேஜைகளில் பேச்சு தொடங்கிவிடும். தெரிந்ததையே கேட்பவர்களுக்குத் தெரிந்ததையே வாசிப்பார்கள். அதற்கு ஒலிநாடாவே போதும் என்று முதலாளிக்கும் ஒருநாள் தோன்றும்.

விடுமுறையில் போகிறவர்கள் புரட்சி எதுவும் செய்ய வேண்டியதில்லை. "அடுத்தது எங்கள் சொந்தப் பாட்டு" என்று மேடையிலிருந்து குரல் வரும்போது, நான்கு நிமிடம் பேசாமல் இருந்தால் போதும். அதற்கு எந்த அரசும் இதுவரை வரி போட்டதில்லை.