வரைபடத்தின் விளிம்பு கோணினால் முடிவும் கோணும்

ஆய்வுக்கூட அறிக்கையில் இரண்டு மூன்று வரைபடங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும்போது, அவற்றின் இடது விளிம்புகள் முன்னும் பின்னுமாக நிற்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. "கணக்கு சரியாக இருந்தால் போதும், அழகு எதற்கு?" என்பது மாணவர்களிடையே அடிக்கடி கேட்கும் பேச்சு. இது அழகு பற்றிய பிரச்சினையே அல்ல என்பது என் கருத்து.

ஒரு நாள் வானிலையை எடுத்துக்கொள்வோம். மேலே வெப்பநிலை, நடுவே மழையளவு, கீழே காற்றழுத்தம். மூன்றுக்கும் நேர அச்சு ஒன்றே. மழை தொடங்கிய இடத்திலிருந்து நம் கண் செங்குத்தாக மேலும் கீழும் சென்று, அதே நேரத்தில் மற்ற இரண்டும் எப்படி மாறின என்று பார்க்கும். வரைபடங்களை அடுக்குவதே அதற்காகத்தான்.

ஆனால் வெப்பநிலை அச்சில் 24, 28 என ஈரிலக்க எண்கள். காற்றழுத்த அச்சில் 1008, 1010 என நான்கிலக்க எண்கள். தனித்தனியாக வரையும்போது, அகலமான எண்களுக்கு இடம்விட்டு மென்பொருள் அந்தப் பெட்டியின் இடது விளிம்பை உள்ளே தள்ளிவிடும். 24 மணி நேரத்தை 12 சென்டிமீட்டரில் வரைந்தால், அந்த விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தாலே தொடக்கத்தில் ஒரு மணி நேரமும் நண்பகலில் அரை மணி நேரமும் விலகித் தெரியும். அழுத்தம் மாறியது மழைக்கு முன்பா, பின்பா? படம் தவறான பதிலைச் சொல்லும். எண்களில் பிழையில்லை, ஆனாலும் படிப்பவர் ஏமாறுவார்.

அறிவியலில் சிறு இடைவெளிக்கும் பெரிய பொருள் உண்டு. 2015 செப்டம்பர் 14ஆம் தேதி ஈர்ப்பலை முதன்முதலாகப் பதிவானபோது, அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் கருவி அதை முதலில் உணர்ந்தது. ஏறத்தாழ 7 மில்லிவிநாடி கழித்தே ஹான்ஃபோர்டு கருவி உணர்ந்தது. 0.2 விநாடிப் பதிவை 12 சென்டிமீட்டரில் வரைந்தால் அந்த வித்தியாசம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். விளிம்பு அந்த அளவு கோணினால் எது முந்தியது என்பதே தெரியாமல் போகும்.

தீர்வு கடினமானதன்று. மேட்பிளாட்லிப்பில் படங்களைத் தனித்தனியாகச் சேமித்து வேர்டில் ஒட்டாமல், ஒரே படத்துக்குள் துணைப்படங்களாக அமைத்து 'ஷேர்எக்ஸ்' தெரிவைப் பயன்படுத்தலாம். நேர அச்சு பொதுவாகும். விளிம்புகளும் சேர்ந்து நிற்கும். க்னூபிளாட்டில் எல்லாப் படங்களுக்கும் ஒரே இடது, வலது ஓர அளவைக் கொடுத்தால் போதும். ஒரு படத்துக்கு மட்டும் வண்ணப்பட்டை சேர்த்தால் அது மட்டும் குறுகிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அச்சுக்குப் பெயர், அலகு, தலைப்பு ஆகியவற்றை உயர்நிலைப் பள்ளியிலேயே வலியுறுத்துகிறார்கள்; விடுபட்டால் மதிப்பெண் போகும். அந்தப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும். ஆசிரியர்கள் சேர்க்கும்வரை நாம் காத்திருக்கவும் தேவையில்லை. அறிக்கையை ஒப்படைக்கும் முன் திரையில் ஓர் அளவுகோலைச் செங்குத்தாக வைத்துப் பார்த்தாலே போதும்.