பீரோவுக்கும் வேர்க்கும் பாஸ்!

ஐஸ் போட்ட ஜூஸ் டம்ளரை டேபிள் மேல வைக்கிறீங்க. ரெண்டே நிமிஷத்துல அதோட வெளிப்பக்கம் முத்து முத்தா தண்ணி. டம்ளர் ஒழுகலை. அது காற்றில் இருந்து வந்த தண்ணி! உங்க அம்மாவோட கல்யாணப் பட்டுல பூசணம் பிடிக்கறதுக்கும் இதே மேட்டர்தான் காரணம்.

காற்றில் எப்பவும் கண்ணுக்குத் தெரியாத நீராவி இருக்கு. காற்று ஆற ஆற, ஒரு கட்டத்துல அந்த நீராவி தண்ணியா மாற ஆரம்பிக்கும். அந்த வெப்பநிலைதான் பனிநிலை. நம்ம பாஷையில டியூ பாயின்ட். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி இருக்கு. 100-ல இருந்து ஈரப்பத சதவிகிதத்தைக் கழிங்க. வந்ததை 5-ஆல வகுங்க. அதை அறை வெப்பநிலையில கழிங்க. 30 டிகிரி, 80 சதவிகிதம்னா பனிநிலை சுமார் 26. (ஈரப்பதம் 50-க்கு மேல இருந்தாதான் இந்தக் கணக்கு சரிப்படும்.)

'எங்க வீட்டுச் சுவர் 28 டிகிரி, தப்பிச்சோம்'னு குஷியாகாதீங்க. பூசணத்துக்குச் சொட்டச் சொட்டத் தண்ணி தேவையில்லை. அந்த 28 டிகிரி சுவரை ஒட்டின காற்றில் ஈரப்பதம் கிட்டத்தட்ட 90 சதவிகிதம். 80-ஐத் தாண்டி அப்படியே சில நாள் நின்னா போதும், பூசணம் குடிவந்துடும்!

இப்போ காஞ்சிபுரத்துக்கு வாங்க. பிள்ளையார்பாளையம் பக்கம் நெசவாளர் வீடுகள்ல குழித்தறியைப் பார்க்கலாம். நெய்யறவர் தரையில உட்கார்ந்து, காலைப் பள்ளத்துக்குள்ள விட்டு மிதியை மிதிப்பார். பட்டு ஈரத்தை உறிஞ்சற நூல். சாதாரண நிலையிலேயே 100 கிராம் உலர்ந்த பட்டு சுமார் 11 கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கும். காற்று ரொம்பக் காய்ஞ்சா இழை அறும். அதனால கொஞ்சம் ஈரம் தறிக்கு நல்லதுதான்.

ஆனா ஐப்பசி, கார்த்திகை அடைமழையில கதையே வேற. நிலத்தடி நீர் ஏறி பள்ளத்துல ஊறும். அந்த ஈரம் ஆவியாகி வீடு முழுக்கப் பனிநிலையை ஏத்திவிடும். பாவு பிசுபிசுக்கும், தெருவுல பாவு விரிச்சுக் கஞ்சி போட்டுக் காயவைக்கவும் முடியாது. நெசவாளருக்கு மாசச் சம்பளம் கிடையாது, நெய்ததுக்குத்தான் கூலி. தறி நின்னா அடுப்பும் யோசிக்கும்.

அப்படிப் பாடுபட்டு நெய்த புடவையை நாம என்ன பண்றோம்? பிளாஸ்டிக் கவர்ல போட்டு, வெளிச்சுவரை ஒட்டின இரும்பு பீரோவுல பூட்டறோம். ராத்திரி சுவர் குளிரும், கூடவே பீரோவும் குளிரும். கவருக்குள்ள மாட்டின ஈரம் எங்கே போகும்? பட்டுக்குப் பூசணம், வெள்ளி ஜரிகைக்குக் கறுப்பு. பாச்சா உருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை இல்லை!

ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்கும் ஒரு கணக்கு. பத்தடிக்குப் பத்தடி ரூம்ல, 28 டிகிரியில, காற்று அதிகபட்சம் முக்கால் லிட்டர் தண்ணியைத்தான் நீராவியா தாங்கும். மழைநாள்ல அதுல முக்கால்வாசி ஏற்கெனவே ஃபுல். மிச்ச இடம் இருநூறு மில்லிக்கும் கம்மி. துவைச்ச ஒரு ஜீன்ஸே அரை லிட்டர் தண்ணி வெச்சிருக்கும். ஜன்னலைச் சாத்திட்டு அதை உள்ளே காயப்போட்டா, சுவர்ல கறுப்புப் புள்ளி வராம என்ன வரும்?

ஸோ, செய்ய வேண்டியது இதுதான்:

* பீரோவைச் சுவரை விட்டு அரை அடி தள்ளி வைங்க. பின்னால காற்று ஓடட்டும்.

* பட்டைச் சுத்தமான வெள்ளை வேட்டியில சுத்தி வைங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நல்ல வெயில் நாளா பார்த்து, நிழல்ல ஆறப்போட்டு மடிப்பை மாத்துங்க.

* வானிலைத் தளங்கள்ல வெளியில இருக்கற பனிநிலையைப் பாருங்க. உள்ளே இருக்கறதைவிடக் குறைவா இருந்தா ஜன்னலைத் திறங்க. அதிகம்னா சாத்துங்க.

* ஃபேன் ஈரத்தை எடுக்காது. ஆனா குளிர்ந்த மூலைகளுக்குக் காற்றைக் கொண்டுபோகும், அதுவே பாதி ஜெயம். ஏ.சி. நிஜமாவே ஈரத்தை எடுக்கும். அதோட பைப்ல சொட்டற தண்ணி அதுதான். கதவைத் திறந்து போட்டா மட்டும் வேஸ்ட்.

* சின்ன ஈரப்பதமானி ஒண்ணு வாங்கி மாட்டுங்க. 60-க்குக் கீழே இருந்தா நிம்மதி.

கடைசியா, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி அலையறவங்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்துலயும் உலர்ந்து இருக்கற தறிப்பள்ளம், குறைஞ்ச செலவுல. உள்பக்கம் ஈரம் கசியாத பூச்சு, காற்று போக ஒரு வழி, ஒரு சென்சார். ரோபோ பண்ணி வைவாவுல பத்து நிமிஷம் கைதட்டல் வாங்கலாம். இதைப் பண்ணினா ஒரு வீட்ல கார்த்திகை மாசமும் தறி ஓடும். எது வேணும், நீங்களே முடிவு பண்ணுங்க!