சாவியும் மருந்துதான்!

நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். நடைபாதையில் படுத்திருப்பவர் அந்த மருந்தை எங்கே வைத்துக்கொள்வார்? இரவில் மழை வந்தால், போலீஸ்காரர் விரட்டினால், மூட்டையை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டால், மறுநாள் மாத்திரைக்கு அவர் எங்கே போவார்?

எச்.ஐ.வி. கிருமியுடன் வாழ்பவர்களுக்கு இது வெறும் வாதமல்ல, உயிர்ப் பிரச்னை. இன்று கிடைக்கும் மருந்தைத் தினந்தோறும் தவறாமல் உட்கொண்டால், பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கியிருக்கும்வரை உடலுறவின் வழியே அது பிறருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனால் 'தினந்தோறும், தவறாமல்' என்ற இரண்டு சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த ஒழுங்குக்கு ஒரு கூரை வேண்டும். தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டும்.

இதை நாம் ஊகித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில், வீடின்றி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த எச்.ஐ.வி. நோயாளிகள் 105 பேரை டாக்டர்கள் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்கு நிலையான வீடும், கூட இருந்து கவனிக்க ஊழியரும் கிடைத்தன. மற்றப் பிரிவினருக்கு வழக்கமான உதவி மட்டுமே. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, உயிரோடும் எதிர்ப்புச் சக்தி குலையாமலும் இருந்தவர்கள் முதற் பிரிவில் 100-க்கு 55 பேர். மற்றதில் 34 பேர்! 2009-ல் வெளியான கணக்கு இது. வீட்டுச் சாவியும் மருந்துதான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சியம் வேண்டும்?

அந்தச் சாவியை யாராவது தட்டில் வைத்துக் கொடுத்தார்களா? இல்லை. போராடித்தான் பெற்றார்கள். நியூயார்க் நகரத்தின் வரலாற்றைப் பாருங்கள்.

1980-களில் அந்நகரில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, வீடற்றவர்களுக்கு நகரசபை காட்டிய இடம் வரிசை வரிசையாகக் கட்டில் போட்ட பெரிய கொட்டகைகள். எதிர்ப்புச் சக்தி இழந்தவரை அங்கே படுக்க வைப்பது, காசநோயின் வாயில் கொண்டுபோய்த் தள்ளுவதற்குச் சமம். 1987-ல் நோயாளிகளும் அவர்களது நண்பர்களும் 'ஆக்ட் அப்' என்ற ஸ்தாபனத்தைக் கட்டினார்கள். அதற்குள் வீட்டுப் பிரச்னைக்கென்றே ஒரு கமிட்டி எழுந்தது. 1989 அக்டோபர் 31-ம் தேதி அவர்கள் மறியல் செய்யப் போன இடம் எது தெரியுமா? டிரம்ப் கோபுரம்! கோடீஸ்வரர் வாழும் மாளிகைக்கு வரிச் சலுகை, சாகக் கிடப்பவருக்கு நடைபாதையா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி.

அந்தக் கமிட்டியிலிருந்து நால்வர் 1990-ல் 'ஹவுசிங் ஒர்க்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கீத் சைலர் கறுப்பு இனத்தவர், தாமே நோயுடன் வாழ்ந்தவர், 2004-ல் மறைந்தார். போதைப் பழக்கத்தை விட்ட பிறகு வா, அப்புறம் வீடு தருகிறோம் என்பது மற்றவர்களின் நிபந்தனை. முதலில் வீட்டுக்குள் வா, பிறகு மற்றதைப் பார்ப்போம் என்பது இவர்களின் கொள்கை. தங்க ஒரு அறை, பக்கத்திலேயே வைத்திய உதவி, சர்க்கார் படிவங்களை நிரப்பித் தர ஒரு ஊழியர்: இவ்வளவுதான் துணையோடு கூடிய வீடு என்பது.

நகரசபையிடம் மானியம் வாங்கிக்கொண்டே நகரசபையை எதிர்த்தும் அவர்கள் நின்றார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1997-ல் அவர்களது ஒப்பந்தங்கள் பறிபோயின. இது பழிவாங்கல் என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2005-ல் நகரசபை லட்சக்கணக்கான டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

வாடகைப் போராட்டமோ இன்னும் நீண்டது. உழைக்க முடியாமல் ஊனமுற்றோருக்கான உதவித்தொகையில் காலம் தள்ளிய நோயாளிகளிடம், அந்தத் தொகையில் பாதிக்கு மேல் வாடகைப் பங்காகப் போயிற்று. சாப்பாடா, வாடகையா? இதைத் தடுக்கும் மசோதா 2010-ல் சட்டசபையில் நிறைவேறியும் கவர்னர் அதை நிராகரித்தார். அவர்கள் ஓயவில்லை. 2014-ல், வருமானத்தில் 100-க்கு 30 பங்குக்கு மேல் வாடகை வாங்கக்கூடாது என்ற வரம்பு வந்தது. 2016-ல், நோய் முற்றியவர்களுக்கு மட்டும் என்றிருந்த உதவி, எச்.ஐ.வி. உள்ள ஏழைகள் அனைவருக்கும் என்று விரிந்தது.

தொழிலாளத் தோழர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த அமைப்பின் ஊழியர்களே, வேலைப்பளுவும் ஊதியமும் சரியில்லை என்று 2019-ல் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். 2021-ல் பெருவாரியாக வாக்களித்து யூனியன் அமைத்துக்கொண்டார்கள். தொண்டு நடக்கும் இடமானாலும் உழைப்பவனுக்குச் சங்கம் தேவை என்பதற்கு இது பாடம். ஊழியர் மாதம் ஒருவராக மாறிக்கொண்டிருந்தால் நோயாளிக்குத் துணை ஏது?

"நோயில்லாத ஏழைக்கே வீடில்லை; இவர்களுக்குத் தனியாக வீடா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் வீடில்லாதவர் இருவரை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடும் கேள்வி அது. கூலி வேலை செய்பவர் வீடிழந்தால் துன்பம். எதிர்ப்புச் சக்தி இழந்தவர் வீடிழந்தால் மரணம். மூழ்குகிறவரை முதலில் கரையேற்றுவது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகமா? தவிரவும், நாம் கேட்பது ஊருக்கு வெளியே ஒதுக்கிவைத்த காலனி அல்ல. எல்லோரும் வாழும் தெருவில், எல்லோருக்கும் உள்ளதைப்போல ஒரு வீடு.

சரி, நியூயார்க் கதை நமக்கெதற்கு? இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986-ல் நமது சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். 2004-ல் இலவச மருந்து தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரம் ஆஸ்பத்திரியும் ஒன்று. ஆகவே மருந்து இங்கே வந்துவிட்டது. கூரை?

சட்டம் இருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் அமலிலிருக்கும் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், நோயைக் காரணம் காட்டி வாடகைக்கு இடம் மறுப்பதைத் தடை செய்கிறது. குடும்ப வீட்டிலிருந்து வெளியேற்றக்கூடாது என்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016-ம் ஆண்டுச் சட்டமோ, சர்க்கார் வீட்டு ஒதுக்கீட்டில் 100-க்கு 5 பங்கு அவர்களுக்கு என்கிறது. ஆனால் அச்சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் எச்.ஐ.வி. இல்லை. அமெரிக்காவிலோ, வெளியே அறிகுறி தெரியாத எச்.ஐ.வி.யும் ஊனமுற்றோர் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998-லேயே தீர்ப்பளித்துவிட்டது.

இங்கே நிலை என்ன? வெளியேற்றாதே என்கிறது சட்டம். இடமில்லாதவருக்கு இடம் கொடு என்று சொல்லவில்லை. வீட்டுக்காரர் காரணத்தை வாய்விட்டுச் சொல்வாரா? "மகன் வருகிறான், வீட்டைக் காலி செய்" என்பார். தனியாக நின்று வழக்காடினால் தன் நோயை ஊரறியச் செய்ய வேண்டியிருக்குமோ என்று அஞ்சி, அந்த ஏழை மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

அங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. நமது ஆலையில் அந்தப் புகார் அதிகாரி யார் என்று சங்கம் கேட்கட்டும். தெருவில் ஒருவர் வெளியேற்றப்பட்டால், இன்ன நோய் என்று விசாரிக்காமல், அவரது ரகசியத்தைக் காத்து, அவர் பக்கம் நில்லுங்கள். சர்க்கார் வீடுகளில் இவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பதை, மாற்றுத்திறனாளி இயக்கங்களோடு சேர்ந்து நமது கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள்.

மருந்துச் சீட்டோடு வீட்டுச் சாவியும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை பெறும். அது எவரும் இரங்கிப் போடும் பிச்சையன்று. உரிமை!