கம்பி நம்முடையது, சாவி யாருடையது?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை நோக்கிச் செல்லும் சாலையிலே உள்ள மங்கலம்பேட்டையை எண்ணிப் பாருங்கள். பெருநகரன்று, பேரூர். அருகே, பீங்கான் தொழிலால் பெயர் பெற்ற விருத்தாசலம். மண்ணைக் குழைத்து, அச்சிலே வார்த்து, சூளையிலே சுட்டுப் பொருளாக்கித் தரும் உழைப்பாளர் நிறைந்த வட்டாரம் அது. அத்தகைய உழைப்பாளி ஒருவன் வீட்டிலே ஒரு மாலை தொலைக்காட்சி இருண்டுவிடுகிறது, இணையம் நின்றுவிடுகிறது, மகளுக்கு வரவேண்டிய மின்னஞ்சல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அவன் யாரிடம் முறையிடுவான்? முறையிட்டால் என்ன விடை கிடைக்கும்?

"பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள்!"

இதுதான் விடை. வீதியிலே கம்பி அறுந்து தொங்கினாலும் இதே விடை. கட்டுப்பாட்டு அறையிலே கருவி கெட்டாலும் இதே விடை. கட்டிய பணம் கணக்கிலே ஏறாவிட்டாலும் இதே விடை! தலைவலிக்கும் கால்முறிவுக்கும் ஒரே சூரணத்தை மடித்துத் தருபவனை வைத்தியன் என்றா அழைப்போம்?

"கேளிக்கைப் பெட்டி ஒருநாள் இருண்டால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு நிதானமாகவே விடையிறுப்போம். கல்லூரிச் சேர்க்கைச் செய்தி இன்று அஞ்சல்காரர் பையிலே வருவதில்லை, மின்னஞ்சலிலே வருகிறது. தேர்வுக்கான நுழைவுச்சீட்டை இணையத்திலேதான் இறக்கிக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் இ-சேவை மையத்திலே மனுப்போட வேண்டும். அங்கே "சர்வர் இல்லை" என்றால், கூலியை இழந்து வந்தவன் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். மனுவையும் பணத்தையும் படிப்பையும் கம்பியின் வழியே நடத்தச் சொன்னவர்கள் ஆளவந்தார்கள். அந்தக் கம்பி அறுந்தால் அதைக் கேளிக்கைக் குறை என்பது என்ன நேர்மை?

நீதிமன்றங்களே இதை உணர்ந்துவிட்டன. விடுதியிலே கைபேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கிலே, இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று 2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையத்தின் வழியே கருத்துரைப்பதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவுக் காப்புக்கு உட்பட்டவை என்று 2020 சனவரியில் உச்சநீதிமன்றம் கூறியது. உரிமை என்று மன்றம் சொல்கிறது. வசதி என்று விற்பவன் சொல்கிறான். நாம் எதை ஏற்பது?

இனி, நம் பக்கத்துக் கடமையை முதலிலே செய்வோம். 'உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று சொல்லித் தப்ப அவர்களுக்கு வழிவிடக் கூடாது.

இணையம் நின்றால், சுவரோரப் பெட்டியின் விளக்குகளைப் பாருங்கள். ஒளியிழை இணைப்பானால் 'எல்.ஓ.எஸ்.' என்று குறித்த விளக்கு ஒன்று இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் ஒளி உங்கள் வீடுவரை வந்து சேரவில்லை என்று பொருள். செருகிய இழை நழுவியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையெனில் பழுது வெளியிலே! பத்துமுறை அணைத்துப் போட்டாலும் அறுந்த இழை ஒட்டாது. அந்த விளக்கு சிவக்காமல், மற்றவை ஒழுங்காக எரிந்தும் இணையம் வரவில்லையானால், அப்போது அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போடுவதிலே பொருளுண்டு.

தொலைக்காட்சியிலே 'சிக்னல் இல்லை' என்று வந்தால், பெட்டியின் பின்னே கேபிள் முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சந்தா முடிந்துவிட்டதா என்று பாருங்கள். பிறகு அண்டைவீட்டாரைக் கேளுங்கள். அவர் வீட்டிலும் இருளென்றால் அது வீட்டு நோயன்று, வீதி நோய்!

மின்னஞ்சல் வரவில்லையென்றால், இடம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கிலே இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலேதான் படங்களும் கோப்புகளும் கடிதங்களும் சேர்ந்து குடியிருக்கின்றன. படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டால் புதுக் கடிதம் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். திருமணப் படங்கள் தங்கிவிடும், கல்லூரிக் கடிதம் திரும்பிவிடும்! இன்னொன்று: நெடுநாள் ரீசார்ஜ் செய்யாமல் கைபேசி எண் போய்விட்டால், அந்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யும் போய்விடும், அஞ்சல் பெட்டியின் கதவே திறக்காது. பிள்ளைகளின் கணக்கிலே மாற்று எண் ஒன்றை இன்றே பதிந்து வையுங்கள்.

இவ்வளவையும் பார்த்தாயிற்று. இதற்குப் பின்னும் இருள் நீங்கவில்லையானால் குற்றம் நம்முடையதன்று. எவருடையது என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிட்டது. கேட்போம்!

"பொதுத்துறை அப்படித்தான், சோம்பேறித்துறை, தனியாரிடம் தந்தால் தேனாறு ஓடும்" என்று ஓதுகிறார்கள். தொலைத்தொடர்புத் துறையின் சேவைப் பணிகளைப் பிரித்து, 2000 அக்டோபர் 1இல் பி.எஸ்.என்.எல். அமைக்கப்பட்டது. தனியார் நிறுவனங்கள் 2012லேயே 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டன. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை தருவதென்ற முடிவே 2019 அக்டோபரிலேதான் வந்தது. நாடு தழுவிய அதன் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஒருவன் காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயம் வைப்பது. பிறகு, 'பார்த்தீர்களா, ஓடத் தெரியாதவன்' என்று கைகொட்டுவது. இது போட்டியா, சூழ்ச்சியா?

அதுமட்டுமா? விருப்ப ஓய்வு என்னும் பெயரால் 2020 சனவரி 31 என்ற ஒரே நாளிலே, ஏறத்தாழ 78,500 பேர் பி.எஸ்.என்.எல்.லை விட்டு வெளியேறினர். இருந்த பணியாளரில் பாதிக்கு மேல்! எந்தக் கம்பம் எந்தத் தெருவிலே சாயும், எந்தப் பெட்டியிலே மழைநீர் இறங்கும் என்பதைக் கையும் காலும் அறிந்திருந்த லைன்மேன்கள் அந்தக் கூட்டத்திலே போனார்கள். கைகளை வெட்டிவிட்டு, 'ஏன் கும்பிடவில்லை' என்று கேட்கிறார்கள்.

அப்படியானால் தனியார் கையிலே உள்ள சாவி மக்களைக் காத்ததா? நம் மாநிலத்து அரசு கேபிள் வரலாறு அதற்கு விடை சொல்லும்.

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007இல் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகள் துவண்டு கிடந்தபின் 2011 செப்டம்பர் 2 முதல், மாதம் 70 ரூபாய்க்கு வீடுதோறும் சேவை தர முனைந்தது. ஏழையின் வீட்டுக்கும் எட்டிய விலை அது! ஆனால் நாடு எண்மமுறைக்கு மாறியபோது, அதற்குரிய உரிமத்தைத் தில்லி உடனே தரவில்லை. மாநில அரசுகள் இத்தொழிலிலே இறங்கலாகாது என்று 2012 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்தது. 2012லேயே கேட்ட உரிமம், 2017 ஏப்ரலிலேதான் கிடைத்தது. ஐந்தாண்டு காத்திருப்பு! அந்த ஐந்தாண்டிலே சந்தையை வளைத்துக்கொள்ள யாருக்கு வாய்ப்பு வந்தது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

உரிமம் வந்தது, செட்டாப் பெட்டிகளும் வந்தன. பெட்டிக்குள்ளே இயங்கும் மென்பொருளின் பிடியோ தனியாரிடம் இருந்தது. விளைவு என்ன? 2022 நவம்பர் 19இல், அரசு கேபிளின் ஏறத்தாழ 21 லட்சம் பெட்டிகளின் சேவை பாதிக்கப்பட்டது. வீட்டிலே மின்சாரம் இருந்தது. வீதியிலே கம்பி இருந்தது. கட்டுப்பாட்டு அறையிலே ஆட்கள் இருந்தார்கள். படம் மட்டும் இல்லை. பெட்டிகளை வழங்கிய தனியார் நிறுவனம் திட்டமிட்டுச் சேவையை நிறுத்தியது என்று அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டிக் காவல்துறையிடம் சென்றது; பாக்கித் தொகை பற்றிய பிணக்கு என்று செய்திகள் வந்தன. யார் பக்கம் நியாயம் என்பதை முடிவுசெய்ய மன்றங்கள் உண்டு. நாம் கேட்கும் கேள்வி வேறு. இருவர் வழக்காடினால் மூன்றாமவன் வீடு ஏன் இருள வேண்டும்? அந்த 21 லட்சம் வீட்டாரும் எந்த ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டார்கள்? அவர்கள் செய்த குற்றம், அரசை நம்பிச் சந்தா கட்டியது ஒன்றுதானே!

பொதுத்துறை என்று பெயர்ப்பலகை மாட்டினால் போதாது, தோழர்களே! கம்பியை நமதாக்கிவிட்டுச் சாவியை வேறொருவன் இடுப்பிலே தொங்கவிட்டால், வீட்டுக்கு உடையவன் யார்? இந்தக் கேள்வியை எந்தக் கட்சி ஆட்சியானாலும் கேட்டாக வேண்டும். நம்மவர் ஆட்சியானால் இன்னும் உரக்கக் கேட்க வேண்டும். 12,525 ஊராட்சிகளுக்கும் ஒளியிழை கொண்டு செல்லும் திட்டம், ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளிலே போட்டியை ஒடுக்கும் குறையுண்டு என்று 2020 ஜூனில் மைய அரசால் தடுக்கப்பட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. ஏட்டிலே நேர்ந்த கோளாற்றுக்கு வயலோரச் சிற்றூர்கள் ஆண்டுக்கணக்கிலே விலை கொடுத்தன. ஒப்பந்தத்தை ஒழுங்காக எழுதுவதும் மக்கள் தொண்டுதான்!

சட்டம் நம்மைக் கைவிட்டதா? இல்லை. சட்டத்தை நாம்தான் கையிலெடுத்துப் படிக்கவில்லை. மூன்று வேலைநாளுக்கு மேல் இணையப் பழுது நீடித்தால் ஏழு நாள் வாடகைக் கழிவு. ஏழு நாளைத் தாண்டினால் பதினைந்து நாள் கழிவு. பதினைந்தையும் தாண்டினால் ஒரு மாத வாடகைக் கழிவு என்று 2006ஆம் ஆண்டிலேயே ஆணையம் விதி செய்தது. 2024இல் அந்த விதியையும் வேறு இரண்டையும் ஒன்றாக்கிப் புதுவிதி வரும்வரை, பதினெட்டு ஆண்டு அது ஏட்டிலே இருந்தது. உங்கள் தெருவிலே எத்தனை பேர் அந்தக் கழிவைக் கேட்டு வாங்கினார்கள்? எத்தனை பேருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியும்?

புகாருக்கு எண் தரவேண்டும் என்பது விதி. புகார் தீராவிட்டால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு விதி. அதற்கும் அப்பால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைபேசிப் பிணக்கை அங்கே கொண்டுபோகலாகாது என்று, 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தைக் காட்டி 2009இல் உச்சநீதிமன்றம் கதவை அடைத்தது. வெள்ளையன் காலத்துப் பூட்டு! 2022 பிப்ரவரியில் அதே உச்சநீதிமன்றம் அந்தப் பூட்டைத் திறந்தது. நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலே இருந்தாலும், மங்கலம்பேட்டைக்காரர் தம் மாவட்டமாம் கடலூரிலேயே வழக்கிடலாம். ஐந்து லட்சம் ரூபாய்வரை மதிப்புள்ள பொருளுக்கோ சேவைக்கோ தொடுக்கும் வழக்கிற்குக் கட்டணமே கிடையாது. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் தனியொருவன் நாற்பது நாள் காத்துக் கடலூருக்கு நடக்க முடியுமா? அன்றாடம் காய்ச்சி ஒருநாள் கூலியை விடமுடியுமா? இங்கேதான் கிளைத் தோழர்களின் கடமை பிறக்கிறது. படிப்பகத்திலே ஒரு குறிப்பேடு வையுங்கள். இன்ன தெரு, இன்ன நாள், இன்ன மணிக்கு நின்றது. புகார் எண் இது. சரியான நாள் இது என்று வரிசையாக எழுதுங்கள். தனித்தனிப் புகார் முணுமுணுப்பு. நூறு வீட்டுப் புகார் ஒரே ஏட்டிலே சேர்ந்தால் முழக்கம்! எழுத அறியாத தாய்மாருக்கு எழுதிக் கொடுங்கள். மூன்று நாள் கடந்த புகார்களைத் திரட்டி மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் தீராதவற்றைத் தேர்ந்தெடுத்துக் கடலூருக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரு வழக்கு வென்றால் போதும். ஊரிலே உள்ள அத்தனை இணைப்புக்கும் மரியாதை பிறக்கும்.

அவ்வேட்டைக் கையிலே ஏந்திக்கொண்டு ஆட்சியாளரிடம் நாம் கேட்க வேண்டியவை நான்கு. பழுதுபார்க்க நிரந்தரப் பணியாளர் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு ஓடுகிறவர் தோளிலே ஊரின் பாரத்தை ஏற்றலாகாது. பொதுநிறுவனப் பெட்டியின் மென்பொருட் சாவி பொதுநிறுவனத்திடமே இருக்க வேண்டும். சேவை நின்ற நாளுக்குரிய பணம், கேளாமலே சந்தாவிலே கழிய வேண்டும். குறைகேட்கும் குரல் தமிழிலே பேசவேண்டும். நம் பணத்தைத் தமிழ்நாட்டிலே வாங்குகிறவன், நம் குறையை மட்டும் வேற்றுமொழியிலே கேட்பானா?

சலுகை கேட்கவில்லை, தோழர்களே, கணக்குக் கேட்கிறோம். மாதந்தோறும் தவறாமல் கட்டுகிறவன் மக்கள். மறுநாளே துண்டிக்கத் தெரிந்தவனுக்கு, மறுநாளே சீர்செய்யவும் தெரிய வேண்டும். அதைத் தெரியவைப்பது நம் வேலை. இன்றே ஏட்டைத் திறவுங்கள்; முதல் புகாரை எழுதுங்கள்!